இண்டியானா கொலம்பஸ் கட்டடச் சுற்றுலா: சிங்கப்பூரிலிருந்து போகிறவர்கள் பார்க்க வேண்டியதா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஒஹாயோ மாநிலத்தின் தலைநகரான பெரிய கொலம்பஸ் இல்லை. இண்டியானாபொலிஸிலிருந்து தெற்கே காரில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் சின்ன கொலம்பஸ். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஐம்பதாயிரத்தை ஒட்டி, அதாவது நம்ம கிளமெண்டியில் இருப்பவர்களைவிடக் குறைவு. இந்த ஊருக்குச் சிங்கப்பூர்த் தமிழர் ஏன் போக வேண்டும் என்றால், பெரும்பாலும் ஒரே காரணம்தான்: கம்மின்ஸ். டீசல் என்ஜின் செய்யும் கம்மின்ஸின் தலைமையகம் இங்கே இருப்பதால் இந்திய இன்ஜினியர்கள் நிறைய, அதில் மகனோ மருமகனோ இருந்தால் பெற்றோர் ஒருமுறையாவது வந்து போகிறார்கள். நாங்களும் அப்படித்தான், தங்கை வீட்டுக்குப் போனோம், கூடவே அப்பா. அவர் ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், என்ஜின் என்றால் எழுந்து உட்காருவார், கட்டடம் என்றால் தூங்கிவிடுவார்.

அவரையும் அழைத்துக்கொண்டு பார்வையாளர் மையத்திலிருந்து கிளம்பும் கட்டடக்கலைப் பேருந்துச் சுற்றுலாவுக்குப் போனதைப் பற்றித்தான் இது. சுருக்கமாகக் கேட்டால், போகலாம். அழகான கட்டடம் பார்க்கலாம், படம் எடுக்கலாம் என்ற எண்ணத்தில் மட்டும் போனால் பாதியில் கொட்டாவி வந்துவிடும், ஏனென்றால் முக்கால்வாசி கட்டடங்கள் பள்ளிக்கூடம், தீயணைப்பு நிலையம், தபால் நிலையம் மாதிரி சாதாரணமானவை, உயரமும் இல்லை, மினுமினுப்பும் இல்லை. ஒரு தொழிற்சாலை ஊர் முதலாளியின் காசையும் தன் வரிக்காசையும் எப்படிச் செலவு செய்தது, கட்டடத்தில் இருந்தவர்கள் போனபிறகு அதை என்ன செய்தது என்று கேட்டுக்கொண்டே பார்த்தால் அந்த இரண்டு மணி நேரம் பத்தாது.

கதை இப்படி. கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்பவர் இந்த ஊர் வங்கிக்காரர் டபிள்யூ.ஜி. இர்வினிடம் கார் ஓட்டுநராகவும் மெக்கானிக்காகவும் இருந்தவர். முதலாளி பணம் போட 1919இல் கம்பெனி ஆரம்பித்தது. லாபம் பார்க்க 1937 வரை ஆனது! பதினெட்டு வருஷம் நஷ்டத்தில் ஒரு கம்பெனிக்குப் பணம் போட்டுக்கொண்டே இருந்த குடும்பம் அது. இந்த இடத்தில் அப்பா பக்கத்தில் இருந்த என் கையைத் தட்டி, "இந்தக் காலத்துல எந்த பேங்க்காரன் இப்படிக் குடுப்பான்?" என்றார். அந்தக் குடும்பத்தின் பேரன் தலைமுறைப் பையன் ஜே. இர்வின் மில்லர், 1934இல் கம்பெனிக்குள் வந்தவர், சுற்றுலா முழுக்க இவர் பெயர்தான் அடிபடும்.

போருக்குப் பிறகு ஊர் வேகமாக வளர்ந்தது, பிள்ளைகள் பெருகினார்கள், பள்ளிக்கூடம் போதவில்லை. அவசரத்துக்குக் கட்டியவை மோசமாக இருந்தன. நல்ல இன்ஜினியர்களைச் சோளக்காட்டு ஊருக்கு வரவழைக்க வேண்டுமென்றால் அவர்கள் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி வேண்டும் என்ற கணக்கும் மில்லருக்கு இருந்தது, வெறும் தர்மசிந்தனை மட்டும் இல்லை. அதனால் கம்மின்ஸ் அறக்கட்டளை ஒரு ஏற்பாடு சொன்னது: கட்டடக்கலைஞருக்கான கட்டணத்தை நாங்கள் தருகிறோம், ஆனால் நாங்கள் கொடுக்கும் பட்டியலில் இருந்து பள்ளி வாரியமே ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டும் செலவு ஊர்க்காரர்களுடையது. அப்படி வந்த முதல் பள்ளி, ஹாரி வீஸ் வடிவமைத்த ஷ்மிட் தொடக்கப்பள்ளி, 1957. பிறகு தீயணைப்பு நிலையம், நகராட்சி மன்றம், தபால் நிலையம் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட வேலைகளுக்கு இது விரிந்தது.

எனக்கு இந்த ஏற்பாடுதான் சுற்றுலாவிலேயே பிடித்த விஷயம். முழுச் செலவையும் முதலாளி கொடுத்திருந்தால் ஊர்க்காரர்கள் கைகட்டி நின்று வாங்கிக்கொண்டிருப்பார்கள், எதுவுமே கொடுக்காவிட்டால் மறுபடி மலிவான செங்கல் டப்பாதான். கட்டணத்தை மட்டும் கொடுத்ததால் ஒவ்வொரு தடவையும் வாரியம் உட்கார்ந்து யார் வேண்டும், ஏன் வேண்டும் என்று பேச வேண்டியிருந்தது. அதே சமயம் பட்டியல் யார் கையில் இருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. ஒரு கம்பெனி சம்பளம் கொடுக்கும் ஊரில் அந்தக் கம்பெனியின் பட்டியலை வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வந்திருக்கும்? கேட்டேன், வழிகாட்டி சிரித்துக்கொண்டே, பட்டியலுக்கு வெளியே போய்த் தங்கள் காசிலேயே கட்டிக்கொண்டவர்களும் உண்டு என்றார். வழிகாட்டிகள் தொண்டூழியர்கள், ஊர்க்காரர்கள், எழுதிவைத்ததை ஒப்பிக்கவில்லை. குறுக்கே கேள்வி கேட்டால் சந்தோஷப்படுகிறார்கள், தயங்காமல் கேளுங்கள்.

ஜூரோங்கை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நமக்கு 1961இல் சதுப்பு நிலத்தை அடைத்துத் தொழிற்பேட்டை போட்டது அரசாங்கம், அப்போதைய நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் முட்டாள்தனம் என்று கிண்டல் அடித்தார்கள், பிறகு 1968இல் தொழிற்பேட்டையை நிர்வகிக்க ஜேடிசி என்ற அரசாங்கக் கழகம் வந்தது, வீடு, கடை, பூங்கா எல்லாம் மேலே இருந்து திட்டம் போட்டு வந்தது. இங்கே அந்த வேலையில் பாதியை ஒரு கம்பெனியும் ஒரு குடும்பமும் செய்திருக்கின்றன. எது மேல் என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை, ஆனால் பேருந்தில் இருந்த அமெரிக்கர்களுக்கு இதெல்லாம் அதிசயமாக இருந்தது, எங்களுக்கு, அட, ஒரு கம்பெனியா இதைச் செய்தது என்பதுதான் அதிசயம்.

சிங்கப்பூர்க்காரர்கள் கட்டாயம் இறங்கிப் பார்க்க வேண்டிய இடம் நூலகம். கிளியோ ரோஜர்ஸ் நினைவு நூலகம், 1969, வடிவமைத்தவர் ஐ.எம். பெய். ஆமாம், சூலியா ஸ்திரீட்டில் நிற்கும் ஓசிபிசி சென்டரை வடிவமைத்த அதே பெய். நூலகத்துக்கு முன்னால் செங்கல் பாவிய திடல், அதன் நடுவில் சிற்பி ஹென்றி மூரின் பெரிய வெண்கல வளைவு, இருபது அடி உயரம், அதற்குள் நுழைந்து நடந்து போகலாம், பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். ஓசிபிசி சென்டருக்கு முன்னாலும் படுத்திருப்பது ஹென்றி மூரின் சிற்பம்தான். அதே இரட்டையர், ஒன்று நிதி வட்டாரத்தில் ஐம்பத்திரண்டு மாடி வங்கிக்கு முன்னால், இன்னொன்று சோளக்காட்டு ஊரில் இரண்டு மாடி நூலகத்துக்கு முன்னால். ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி அந்தச் சிற்பத்தை எத்தனை தடவை கடந்து போயிருப்பேன், ஒருநாளும் நின்றதில்லை, பிள்ளைகள் அதன்மேல் ஏறி விளையாடியும் பார்த்ததில்லை. இந்த ஊரில் அது ஊர்ச் சொத்து மாதிரி கிடக்கிறது.

நூலகத்துக்கு எதிரே இருப்பது முதலாம் கிறிஸ்தவ தேவாலயம், 1942, எலியல் சாரினென். நேர்கோடு நேர்கோடாக ஒரு பெட்டியும், தனியே 166 அடி மணிக்கோபுரமும். தேவாலயம் என்றால் கூரிய முகடும் வண்ணக் கண்ணாடியும் என்று பழகியவர்களுக்கு முதலில் ஒன்றுமே இல்லாத மாதிரி தெரியும். உள்ளே போனால் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும் விதம், அதை எழுதிக் காட்ட எனக்கு வராது, போய்ப் பாருங்கள்.

இனி நான் மேலே சொன்ன இரண்டாவது கேள்வி, இருந்தவர்கள் போனபிறகு என்ன ஆனது என்பது. விளம்பரத் துண்டுப் பிரசுரத்தைப் பார்த்து வருகிறவர்களுக்கு இது கண்ணில் படாது, பேருந்தில் கேட்டுக்கேட்டு வாங்க வேண்டியது. எலியலின் மகன் ஈரோ சாரினென் 1954இல் கட்டிய இர்வின் யூனியன் வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து வங்கி என்றால் கம்பிக்கூண்டும் கருங்கல் தூணும். இவர் நாலு பக்கமும் கண்ணாடி போட்டு, தாழ்வான கூரையில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒன்பது குமிழ்கள் வைத்து, உள்ளே நடப்பது தெருவில் போகிறவனுக்கும் தெரியும்படி செய்தார். 1871இல் தொடங்கிய வங்கி, நிதி நெருக்கடியில் மாட்டி 2009 செப்டம்பரில் கட்டுப்பாட்டு அதிகாரிகளால் மூடப்பட்டது. கம்மின்ஸுக்கு முதல் போட்ட குடும்பத்தின் வங்கி! கண்ணாடி வழியே எல்லாம் தெரியும் கட்டடத்தில் கணக்கு மட்டும் தெரியாமல் போயிருக்கிறது என்று தங்கை வீட்டுக்காரர் முணுமுணுத்தார். கட்டடம் போகவில்லை, பிறகு கம்மின்ஸின் கூட்ட அரங்கம் ஆனது.

ஊர்ப் பத்திரிகை தி ரிபப்ளிக் 1971இல் கண்ணாடிக் கட்டடத்துக்குள் போனது, மஞ்சள் அச்சு இயந்திரம் ஓடுவதைத் தெருவிலிருந்தே பார்க்கலாம் என்பதுதான் அதன் அழகு. பத்திரிகைத் தொழில் சுருங்கியது, அவர்கள் காலி செய்தார்கள், இப்போது இண்டியானா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் படிப்பு அங்கே நடக்கிறது, பெயரே மில்லர் பெயரில்தான். வடக்கே இருக்கும் வடக்குக் கிறிஸ்தவ தேவாலயம், ஈரோ சாரினெனின் கடைசி வடிவமைப்புகளில் ஒன்று, அவர் 1961இல் இறந்தபின் 1964இல் முடிந்தது, அறுகோணம், நடுவில் 192 அடி ஊசிக்கோபுரம். சபையில் ஆள் குறைந்து குறைந்து 2022இல் கலைத்துவிட்டார்கள். கட்டடம் மாவட்டப் பொது நூலகத்தின் கைக்கு வந்திருக்கிறது. ஊர் மையத்தைவிட்டுத் தள்ளி ஒரு கடைத்தொகுதி, ஃபேர் ஓக்ஸ், அமெரிக்காவில் எல்லா ஊரிலும் காலியானது போல இதுவும் காலியானது, 2018இல் நகராட்சியும் ஊர் மருத்துவமனையும் சேர்ந்து வாங்கி, உள்விளையாட்டு அரங்கமும் மருத்துவச் சேவையுமாக நெக்சஸ்பார்க் என்று மாற்றினார்கள். இதற்குப் புகழ்பெற்ற கலைஞர் யாரும் கிடையாது என்பதால் சுற்றுலாவில் வராது, நாங்கள் தனியாகப் போய்ப் பார்த்தோம். கடைத்தொகுதிக்குள் கூடைப்பந்து ஆடுவதைப் பார்த்து அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம்.

இதையெல்லாம் கேட்கும்போது மனதில் ஓடியது நம் பேர்ல் பேங்க் அடுக்குமாடிக் குடியிருப்புதான். 2018இல் மொத்தமாக விற்றார்கள், இடித்தார்கள், முடிந்தது. நிலம் இல்லாத ஊருக்கும் நிலம் பரந்து கிடக்கும் ஊருக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாது, தெரியும். ஆனால் நாமும் செய்யாமல் இல்லை, 1974இல் கட்டிய ஜூரோங் நகர மண்டபத்திலிருந்து ஜேடிசி வெளியேறிய பிறகும் அதை இடிக்காமல் 2015இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்து வேறு அலுவலகங்களுக்குக் கொடுத்திருக்கிறோம். அப்பா அங்கே ஏதோ படிவம் கொடுக்கப் போன கதையை இந்த இடத்தில் ஆரம்பித்து, பேருந்து நகர்ந்ததால் முடிக்கவில்லை.

இன்னொரு நிறுத்தம், நாலாம் எண் தீயணைப்பு நிலையம், 1968, ராபர்ட் வென்டூரி. வெள்ளைச் சுவர், பெரிதாக ஒரு 4, ரப்பர் குழாயைக் காயப்போட ஒரு கோபுரம். அவ்வளவுதான். பேருந்தில் பலர், இதற்கா வந்தோம் என்ற முகத்தோடு இருந்தார்கள். எனக்குப் பிடித்தது. தீயணைப்பு வண்டி நிற்கும் இடம், தன்னைத் தீயணைப்பு நிலையமாகத்தான் காட்டிக்கொள்கிறது. காமன்ஸ் என்ற உள்ளரங்கப் பொதுக்கூடத்தைப் பிள்ளைகளோடு போகிறவர்கள் தவறவிடாதீர்கள், பனிக்காலத்தில் பிள்ளைகள் விளையாட இலவச இடம், நடுவில் ஜான் டிங்கிலியின் முப்பது அடி இரும்புச் சிற்பம் கடகடவென்று ஓடும். 1973இல் கட்டிய பழைய காமன்ஸைப் பெரும்பகுதி இடித்து 2011இல் புதிதாகக் கட்டியது இது, அதாவது எல்லாவற்றையும் இந்த ஊர் காப்பாற்றவில்லை, சிற்பத்தை மட்டும் விடவில்லை.

சரி, குறைகள். பேருந்தில் இரண்டு மணி நேரம் என்பதால் பல இடங்களில் ஜன்னல் வழியாகத்தான் பார்க்க முடியும், அது அவர்கள் தப்பில்லை, ஆனால் மூத்தோருக்கு வசதி, இளையவர்களுக்கு எரிச்சல். சுற்றுலா என்றாலே கட்டடக்கலைஞர்களின் பெயர்ப்பட்டியல் கொஞ்சம் அதிகம், செங்கல் அடுக்கியவர்களும் என்ஜின் பூட்டியவர்களும் கதைக்குள் வர நாம்தான் இழுத்துவர வேண்டும். ஆற்றோரம் இருக்கும் மில் ரேஸ் பூங்கா அதற்கு நல்ல உதாரணம். 1990களில் மைக்கேல் வான் வால்கன்பர்க் அழகாகப் போட்ட பூங்கா, பார்வைக் கோபுரம், குளம், மூடிய மரப்பாலம் எல்லாம் உண்டு. ஆனால் அந்தத் தாழ்நிலம் முன்பு வெள்ளம் புகும் ஏழைக் குடியிருப்பு, சாவுப் பள்ளத்தாக்கு என்று பெயரே வைத்திருந்தார்கள், 1960களில் வீடுகளை அகற்றினார்கள். அங்கிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதற்குப் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. கம்பத்து (கிராமத்து) வீட்டிலிருந்து வீவக என்ற அரசாங்க வீட்டு வாரியத்தின் அடுக்குமாடிக்குப் போன தலைமுறையோடு போனால் இந்தக் கேள்வி தானாக வரும். அப்பாதான் முதலில் கேட்டார்.

வெள்ளத்தையும் விடக்கூடாது. டிரிஃப்ட்வுட், ஃபிளாட்ராக் என்ற இரண்டு ஆறுகள் சேரும் ஊர் இது. 2008 ஜூன் 7 அன்று வந்த வெள்ளத்தில் ஊர் மருத்துவமனைக்குள் தண்ணீர் புகுந்து நோயாளிகள் அத்தனை பேரையும் வெளியேற்றினார்கள், திரும்பத் திறக்க மாதக்கணக்கில் ஆனது. அந்த மருத்துவமனையும் ராபர்ட் ஸ்டெர்ன் வடிவமைத்த பெயர்பெற்ற கட்டடம்தான்.

அப்பாவை எழுப்பி உட்கார வைத்தது எது தெரியுமா? கம்மின்ஸ் தலைமை அலுவலகம். கெவின் ரோச் 1980களில் வடிவமைத்தது, பழைய தானிய உணவு ஆலையின் செங்கல் கட்டடத்தை இடிக்காமல் அதைச் சுற்றி வளைத்துக் கட்டியிருக்கிறார், ஆலை இப்போது ஊழியர் உணவகம். அங்கே ஒரு முழு டீசல் என்ஜினைத் திருகு, வால்வு, பிஸ்டன் என்று பிரித்து, ஒவ்வொரு பாகமும் காற்றில் நிற்கிற மாதிரி தொங்கவிட்டிருக்கிறார்கள். அதன் கீழே அப்பா நின்று எனக்கு நடத்திய பாடம் சுற்றுலாவைவிட நீளம். நம் ஊர் இரட்டைத் தளப் பேருந்துகள் சிலவற்றில் ஓடுவதும் இவர்கள் என்ஜின்தான் என்று மாப்பிள்ளை சொன்னதும், "அப்ப நம்ம பஸ் டிக்கெட் காசுல ஒரு செங்கல்லு இங்க இருக்கும்" என்றார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கார் இல்லாமல் வராதீர்கள், நகரப் பேருந்து உண்டு என்றாலும் எம்ஆர்டியில் பழகிய காலுக்கு அது உதவாது. ரயில் பாதை ஊரைக் குறுக்கே வெட்டிப் போகிறது, மேற்கு நுழைவாயிலில் மேம்பாலம் கட்டிய பிறகு அந்தப் பக்கம் தொல்லை குறைந்துவிட்டதாம், ஊருக்குள் இன்னும் சரக்கு ரயிலுக்குக் காத்திருக்க வேண்டி வரும், சுற்றுலா நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே கிளம்புங்கள். டிக்கெட் விலையும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் இங்கே எழுதவில்லை, இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாடு: நாங்கள் போன ஓர் இந்திய உணவகத்தில் சாம்பார் இனித்தது, பெயர் வேண்டாம், வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. ஐஸ்கிரீமுக்கு மட்டும் வாஷிங்டன் ஸ்திரீட்டில் ஸஹராகோஸ், 1900இல் கிரேக்கச் சகோதரர்கள் தொடங்கியது, நடுவில் மூடிக்கிடந்து 2009இல் புதுப்பித்துத் திறந்தார்கள், பளிங்கு மேடையும் பழைய இசைப்பெட்டியும் பார்க்கவே போகலாம்.

மில்லர் குடும்பத்தின் வீடு தனிச் சுற்றுலா, தனி டிக்கெட், அதை நான் இன்னும் அதிகமாகச் சிபாரிசு செய்வேன். ஈரோ சாரினென் வீடு, அலெக்சாண்டர் ஜிரார்டின் உள்ளலங்காரம், டான் கைலியின் தோட்டம், 1957இல் குடியேறினார்கள், தரைக்குள் குழிவாக இறங்கி உட்கார்ந்து பேசும் இடம் ஒன்று இருக்கிறது, அதில் மெத்தை விரிப்பைப் பார்த்தாலே போதும். இப்போது இண்டியானாபொலிஸ் கலைக்கூடம் பராமரிக்கிறது, உள்ளே போகும் ஆட்கள் எண்ணிக்கை குறைவு என்பதால் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், விமான டிக்கெட் போட்ட கையோடு இதையும் போட்டுவிடுங்கள். பேருந்துச் சுற்றுலாவுக்கு ஐந்துக்கு நாலு, வீட்டுக்கு ஐந்து. முழங்கால் வலி உள்ளவர்கள் அந்தக் குழிக்குப் படி உண்டு என்பதைக் குறித்துக்கொள்ளவும், இறங்கவெல்லாம் விடமாட்டார்கள், எட்டிப் பார்க்கத்தான் விடுவார்கள்.